வீட்டு ஸ்பீக்கருக்குக் கிராஸ்ஓவர்: எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளுக்கு மைக்செட் கட்டிப் பழகிய இளைஞர்கள் பலர் இப்போது வீட்டுக்கென்று ஸ்பீக்கர் செய்ய வருகிறார்கள். ஈயம் வைப்பதிலும் ஒயர் இழுப்பதிலும் அவர்களுக்குச் சொல்லித் தர ஒன்றுமில்லை. தடுமாறுவது ஓரிடத்தில்தான்: தாழ் ஒலியை ஊஃபருக்கும் உயர் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில். ஜங்ஷன் கடையில் ஊஃபர், ட்வீட்டர், கூடவே ‘2 வே, 150 வாட்’ என்று அச்சிட்ட கிராஸ்ஓவர் பலகை எல்லாவற்றையும் ஒரே பையில் வாங்கி வந்துவிடுகிறார்கள். கடைசியில் முடிவாக வேண்டியது முதலிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்தப் பலகையைச் செய்தவருக்கு உங்கள் ஊஃபர் எது, பெட்டி எவ்வளவு அகலம் என்று தெரியாது. எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பார். அப்படி நடந்துகொள்ளும் ஊஃபர் உலகத்தில் இல்லை.

6.5 அங்குல ஊஃபரும் 1 அங்குல டோம் ட்வீட்டரும் கொண்ட 8 ஓம் இருவழிப் பெட்டியை எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த எண்ணைக் கேட்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தரவுத்தாள் உள்ள ஊஃபர், ட்வீட்டர். தாளில் நான்கு எண்களைப் பாருங்கள்: ஒத்ததிர்வு அதிர்வெண் (ஸ்பீக்கர் இயல்பாகவே அதிரும் இடம்), உணர்திறன் (ஒரே மின்திறனுக்கு எவ்வளவு சத்தம்), ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருளின் நேர்மின் தடை, அதே சுருளின் தூண்டல். தாளே இல்லாத ட்வீட்டர் மலிவாகக் கிடைத்தாலும், அதை அளந்து முடிப்பதற்குள் மிச்சப்பட்ட பணத்தைவிட அதிகப் பொழுது போய்விடும்.

அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் ஒரு மைக், ஒரு மடிக்கணினி, ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. (REW) என்ற இலவச மென்பொருள். காயிலையும் கெப்பாசிட்டரையும் அளக்க ஓர் எல்.சி.ஆர். மீட்டர். சாதாரண மல்டிமீட்டர்கள் பெரும்பாலும் காயிலை அளக்காது.

சோதனைக்குப் பல மதிப்புகளில் நான்போலார் (துருவம் இல்லாத) கெப்பாசிட்டர்கள், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர்கள், முதலைக் கவ்வி ஒயர்கள். ட்வீட்டரைக் காக்க 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஆம்ப்ளிஃபயரைப் போடும்போதும் அணைக்கும்போதும் வரும் ‘டப்’ என்ற அதிர்ச்சிதான் சோதனையில் ட்வீட்டர்களைக் கொல்கிறது. அளக்கும் நேரம் முழுவதும் அந்தக் கெப்பாசிட்டர் தொடரில் இருக்கட்டும். 2000 ஹெர்ட்சுக்கு மேல் அதனால் அளவு அவ்வளவாக மாறாது.

2. பெட்டியை முதலில் முடியுங்கள்

ஊஃபரைத் தரையில் வைத்து அளந்துவிட்டுக் கிராஸ்ஓவர் போடுவது வீண் வேலை. முன்பலகையின் அகலமே ஒலியை மாற்றுகிறது. உயர் அதிர்வெண்கள் பலகையில் பட்டு முன்னோக்கி வரும். தாழ் அதிர்வெண்கள் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். அதனால் கீழ்ப்பகுதி 6 டெசிபெல் வரை குறைந்து ஒலிக்கும்.

இந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 115-ஐ முன்பலகையின் அகலத்தால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 20 செ.மீ. பலகைக்கு 575 ஹெர்ட்ஸ் வரும். மனிதக் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. இதை ஈடுகட்டாத ஸ்பீக்கரில் பாடகரின் குரல் மெலிந்து, காரமாகக் கேட்கும்.

முழு 6 டெசிபெலையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் சுவரை ஒட்டியே நிற்கும், சுவர் கொஞ்சம் பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடும். 3 முதல் 4 டெசிபெல் போதும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைப்பவர்கள் மட்டும் 5-க்குப் போகலாம்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: கேட்பவர் எங்கே உட்காருகிறார்? பாயில் உட்காருபவரின் காது நாற்காலியில் இருப்பவரின் காதைவிட ஓர் அடிக்கு மேல் தாழ்ந்திருக்கும். ட்வீட்டரின் உயரமும் மைக்கை வைக்கும் இடமும் அந்தக் காதுக்குத்தான் பொருந்த வேண்டும்.

3. அளவெடுத்தல்

முதலில் மின்மறுப்பு, அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் ஓம். பெட்டியில் பொருத்திய நிலையில் ஊஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனியாக அளந்து வளைகோட்டைச் சேமியுங்கள். கணினியின் ஹெட்போன் வெளியீடும் 100 ஓம் ரெசிஸ்டரும் போதும். ஆம்ப்ளிஃபயர் வழியாக அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது வரும் பல டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல. அதைச் சவுண்ட் கார்டின் கிரவுண்டோடு சேர்த்தால் இரண்டில் ஒன்று போய்விடும்.

அடுத்தது ஒலி. வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் உள்ள அறையில் எதிரொலி நேரொலியோடு கலந்துவிடும். மொட்டை மாடிக்குப் போங்கள். பெட்டியை உயரமான ஸ்டூலில் ஏற்றி, மைக்கை 1 மீட்டர் தள்ளி வையுங்கள். ட்வீட்டர் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையிலிருந்து திரும்பும் ஒலி சுமார் 4.6 மில்லிவிநாடி கழித்து வரும். அதற்குமுன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 220 ஹெர்ட்சுக்கு மேல் நம்பலாம். 2 மீட்டருக்கு உயர்த்தினால் 110 வரை இறங்கலாம். கைப்பிடிச் சுவரும் தரையைப் போலவே திருப்பி அனுப்பும் என்பதால் மாடியின் நடுவில் நில்லுங்கள்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஆனி, ஆடியில் பொழுது ஏற ஏறக் காற்று மைக்கில் இரையத் தொடங்கும், விடியற்காலையே நல்லது. மார்கழியில் விடியற்காலை ஆகாது, கோயில் ஒலிபெருக்கி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்: ஊஃபரை அளக்கும்போது மைக்கை ஊஃபர் நேருக்கும், ட்வீட்டரை அளக்கும்போது ட்வீட்டர் நேருக்கும் நகர்த்திவிடுகிறார்கள். இரண்டு வளைகோடும் அழகாக வரும், ஆனால் எது முந்தி வருகிறது, எது பிந்தி வருகிறது என்ற செய்தி தொலைந்துவிடும். மைக் ஒரே இடம், ஒலியளவு ஒரே அளவு. யுஎஸ்பி மைக் என்றால் மென்பொருளில் உள்ள ஒலிவழி நேரக் குறிப்பைப் பயன்படுத்துங்கள்.

அந்தச் செய்தி ஏன் முக்கியம்? ஊஃபரின் கூம்பு குழிந்திருப்பதால் அதன் ஒலி ட்வீட்டரைவிட இரண்டு மூன்று செ.மீ. பின்னாலிருந்து புறப்படுகிறது. 2500 ஹெர்ட்சில் அலைநீளம் ஏறத்தாழ 14 செ.மீ. அப்படியானால் 2.5 செ.மீ. என்பது சுமார் 65 பாகைக் கட்ட வேறுபாடு. கட்டம் என்பது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, முழு அலை 360 பாகை. கிராஸ்ஓவரின் முழுக் கணக்கையும் குலைக்க அது போதும்.

4. எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது

கீழ் எல்லையை ட்வீட்டர் சொல்லும். அதன் ஒத்ததிர்வைப்போல் குறைந்தது இரண்டு மடங்கில் பிரிக்க வேண்டும். ஒத்ததிர்வு 1000 என்றால் 2000-க்குக் கீழே இறங்காதீர்கள்.

மேல் எல்லையை ஊஃபர் சொல்லும். 6.5 அங்குல ஊஃபரின் கூம்பு விட்டம் சுமார் 13 செ.மீ. அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும் 2600 ஹெர்ட்சை நெருங்கும்போது ஒலி விரியாமல் நேராகவே பாயும். பக்கத்தில் உட்காருபவருக்கு நடுப்பகுதி குறைந்து, பிரிப்புக்கு மேலே ட்வீட்டர் திடீரென்று விரிந்து கேட்கும். உலோகக் கூம்பாக இருந்தால் அதற்கும் மேலே கூர்மையான முகடு ஒன்று இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுக்கும் இடையில் நம் எடுத்துக்காட்டுக்கு 2000 முதல் 2600 வரை இடம் இருக்கிறது. 8 அங்குல ஊஃபர் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்த இடம் ஏறக்குறைய மூடிவிடும். முதல் பெட்டிக்கு 6.5 போதும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டையும் முடிந்தவரை நெருக்கிப் பொருத்துங்கள். மையத்துக்கு மையம் உள்ள தூரம் பிரிக்கும் இடத்தின் அலைநீளத்தைத் தாண்டினால், எழுந்து நின்றதுமே ஒலியின் நிறம் மாறும்.

5. எந்தச் சரிவு: வடிவமைப்புகளை எடைபோடுதல்

சரிவு என்பது அதிர்வெண் இரட்டிக்கும்போதோ பாதியாகும்போதோ எத்தனை டெசிபெல் குறைகிறது என்பது. முதல் வரிசை 6, இரண்டாம் வரிசை 12, மூன்றாம் வரிசை 18, நான்காம் வரிசை 24.

முதல் வரிசைக்கு ஊஃபரில் ஒரு காயில், ட்வீட்டரில் ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவே. ஏட்டில் கட்டமும் அளவும் பிசகாமல் கூடும். ஆனால் டோம் ட்வீட்டர் ஒரே சத்தத்தைக் கொடுக்க, அதிர்வெண் பாதியாகும்போது நான்கு மடங்கு அசைய வேண்டும். இந்தச் சரிவு பாதியளவுதான் குறைக்கிறது, அதனால் ஒத்ததிர்வு வரை அசைவு கூடிக்கொண்டே போகும். சத்தத்தைக் கூட்டினால் ட்வீட்டர் அலறும். மைக்செட் ஹார்னில் ஒற்றைக் கெப்பாசிட்டர் வைத்துப் பழகியவர்கள் வீட்டு டோமிலும் அதையே செய்து ட்வீட்டரை எரிக்கிறார்கள்.

இரண்டாம் வரிசையில் இரண்டு வகை அடிக்கடி வரும். பட்டர்வொர்த் வகையில் பிரிக்கும் இடத்தில் இரண்டும் 3 டெசிபெல் குறைந்திருக்கும். ஒன்றைத் துருவம் மாற்றிக் கூட்டினால் அங்கே 3 டெசிபெல் மேடு எழும். லிங்க்விட்ஸ்-ரைலி வகையில் இரண்டும் 6 டெசிபெல் குறைந்திருக்கும், துருவம் மாற்றினால் சமதளமாகக் கூடும். எனவே இரண்டாம் வரிசை என்றால் லிங்க்விட்ஸ்-ரைலியே. ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பதை மறந்தால் சரியாகக் குரல் வரும் இடத்தில் பள்ளம் விழும்.

மூன்றாம் வரிசை பட்டர்வொர்த் அளவில் சமமாகக் கூடினாலும், இரண்டுக்கும் இடையே கால் சுற்று கட்ட வேறுபாடு நிற்பதால் ஒலிக்கற்றை மேலேயோ கீழேயோ சாயும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் வரிசை லிங்க்விட்ஸ்-ரைலியில் இரண்டும் ஒரே கட்டத்தில் சேரும், ட்வீட்டருக்கு நல்ல பாதுகாப்பு, கூம்பின் முகடும் அடங்கும். பாகங்கள் கூடும் என்பதுதான் குறை. ஊஃபர் வழியில் இரண்டு காயில்கள் தொடரில் வந்தால் அவற்றின் தடையும் கூடும்.

பெரும்பாலோர் தவறவிடும் செய்தி இது: நீங்கள் குறிவைக்க வேண்டியது காதுக்கு வந்து சேரும் சரிவை. பலகையில் இருக்கும் மின்சரிவு அதில் ஒரு பங்கு மட்டுமே. ட்வீட்டர் தன் ஒத்ததிர்வுக்குக் கீழே தானாகவே 12 டெசிபெல் சரிகிறது. ஊஃபரும் மேலே போகப் போகத் தானாகச் சரியும். அதன்மேல் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசை மின்சுற்றைப் போட்டாலே நான்காம் வரிசை ஒலிச்சரிவை எட்டலாம். ஏட்டைப் பார்த்து மின்சுற்றையும் 24 ஆக வைப்பவர்களின் பெட்டியில் சரிவு 24-ஐயும் தாண்டிப்போய், கட்டம் எங்கேயோ நிற்கும்.

என் தேர்வு: 2300 ஹெர்ட்ஸ் அருகில் நான்காம் வரிசை லிங்க்விட்ஸ்-ரைலியை ஒலியின் இலக்காக வையுங்கள். ஊஃபரில் இரண்டாம் வரிசை மின்சுற்று, ட்வீட்டரில் மூன்றாம் வரிசை. ட்வீட்டர் பக்கம் கூடுதலாக வரும் கட்டத் தாமதம், ஊஃபர் பின்னால் இருப்பதை ஓரளவு ஈடுசெய்யும்.

இரண்டு பெட்டிக்கும் சேர்த்து நான்கு ஆம்ப்ளிஃபயர் சேனல்களும், ஒலியை டிஜிட்டலாகப் பிரிக்கும் ஒரு டி.எஸ்.பி. கருவியும் வாங்க வசதி இருந்தால் இதையெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே மென்பொருளில் செய்யலாம், தாமதத்தையும் நேராகச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கும் 2, 3, 4-ஆம் படிகள் அப்படியே தேவை.

6. தொடக்க மதிப்புகள்

இரண்டாம் வரிசை லிங்க்விட்ஸ்-ரைலிக்கு: 0.0796-ஐ ஓம், ஹெர்ட்ஸ் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் ஃபாரட். 0.318-ஐ ஓமால் பெருக்கி ஹெர்ட்சால் வகுத்தால் ஹென்றி. 8 ஓம், 2500 ஹெர்ட்சுக்கு 4 மைக்ரோஃபாரட், 1 மில்லிஹென்றி வரும்.

இந்த எண்களோடு நின்றுவிடாதீர்கள். சுருள் தடை 6 ஓம், தூண்டல் 0.8 மில்லிஹென்றி உள்ள ஓர் ஊஃபர் 2500 ஹெர்ட்சில் 8 ஓம் காட்டாது, கணக்கின்படி 14 ஓம் அருகில் நிற்கும். 8-க்குப் போட்ட வடிகட்டி அங்கே பாதி வேலைதான் செய்யும்.

இதற்கு மாற்று, ஏறும் ஓமை அடக்கும் சோபல் சுற்று: ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தொடராக, ஊஃபருக்கு இணையாக. ரெசிஸ்டர் சுருள் தடையைப்போல் 1.25 மடங்கு, அதாவது 7.5 ஓம். கெப்பாசிட்டர், தூண்டலை ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தது, 14 மைக்ரோஃபாரட். கடையில் 15 கிடைக்கும், அது போதும்.

ட்வீட்டரை அடக்குவதில் ஒரு கணக்கு விட்டுப்போகும். ட்வீட்டர் 91 டெசிபெல், ஊஃபர் 88 என்றால் 3 குறைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் முன்பலகைக்காக ஊஃபரின் மேல்பகுதியை 3 டெசிபெல் இறக்கப் போகிறோம் அல்லவா? ஆக 6 குறைக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 3.9 ஓம், இணையாக 8.2 ஓம். முன்பலகை ஈட்டை ஊஃபர் காயிலைக் கணக்கைவிடப் பெரிதாக்கியே பெறலாம், தனிச் சுற்று வேண்டாம்.

7. கணினியில் ஓட்டிப் பாருங்கள்

கிராஸ்ஓவரைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்களான எக்ஸ்சிம் (XSim), விட்டுயிக்ஸ்கேட் (VituixCAD) இரண்டும் இலவசம். உங்கள் அளவுக் கோப்புகளை ஏற்றி, 6-ஆம் படியின் மதிப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

கூட்டு வளைகோடு நேராக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மொத்த மின்மறுப்பு எங்காவது 4 ஓமுக்குக் கீழே இறங்குகிறதா, ட்வீட்டரைத் துருவம் மாற்றினால் பிரிக்கும் இடத்தில் ஆழமான பள்ளம் வருகிறதா என்று பாருங்கள். பள்ளம் ஆழமாக இல்லையென்றால் கட்டம் ஒத்துவரவில்லை, நேர்கோடு தற்செயலாக அமைந்தது.

8. காயிலை நீங்களே சுற்றுங்கள்

இதில் நம் ஊருக்கு ஒரு வசதி. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் எங்கும் உண்டு. அண்ணாச்சியிடம் 18 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பிப் பருமனின் எண்) எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள், எடைக்குத் தருவார். அலுமினியக் கம்பியும் அதே நிறத்தில் வரும் என்பதால் நுனியைச் சுரண்டிச் சிவப்பைப் பார்த்து வாங்குங்கள்.

1 மில்லிஹென்றிக்கு 32 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு, 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஒட்டுப்பலகை வில்லைகள். கம்பியை இழுத்துப் பிடித்து, சுற்றுக்கு அருகே சுற்றாக, அடுக்குக்கு மேல் அடுக்காகச் சுமார் 175 சுற்று. ஏறக்குறைய கால் கிலோ கம்பி பிடிக்கும், தடை 0.4 ஓமுக்குள் நிற்கும்.

கைச்சுற்று ஒருவருக்கு ஒருவர் மாறும். எனவே 185 சுற்றி, எல்.சி.ஆர். மீட்டரை மாட்டி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து இறங்குங்கள். தூண்டல் சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது, கடைசிச் சில சுற்றுகளில் மதிப்பு வேகமாக இறங்கும். சரியான மதிப்பு வந்ததும் வார்னிஷ் தடவிக் கட்டிவிடுங்கள். நடுவில் இரும்பு போல்ட் போடாதீர்கள், அளந்த மதிப்பு மாறிவிடும். பித்தளை போல்ட்டோ நைலான் கட்டோ போதும்.

9. கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும்

ட்வீட்டருக்குத் தொடரில் வருபவை பாலிபுரொப்பிலீன் ஆகட்டும். மதிப்பு நிலைத்து நிற்கும். சோபலுக்கு நான்போலார் எலக்ட்ரோலிட்டிக் போதும், ஆனால் வெப்பத்தில் ஆண்டுகள் போகப் போக அது மாறும். துருவம் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை எங்கும் வைக்காதீர்கள். விலை உயர்ந்த கெப்பாசிட்டருக்குச் செலவழிப்பதைவிட நல்ல மைக்குக்குச் செலவழியுங்கள்.

10. கோத்து, அளந்து, பிறகு கேளுங்கள்

கவ்வி ஒயர்களால் பெட்டிக்கு வெளியே கோத்து, மாடியில் அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள். கணினிக் கோடும் இந்தக் கோடும் 1 டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஏதோ ஒரு பாகம் தவறான இடத்தில் இருக்கிறது.

ட்வீட்டரைத் துருவம் மாற்றி ஒருமுறை அளந்து பாருங்கள். 2300 அருகில் 20 டெசிபெலுக்கு மேல் ஆழமாக, இருபுறமும் சமமாகப் பள்ளம் விழுந்தால் ஊஃபரும் ட்வீட்டரும் ஒரே கட்டத்தில் சேருகின்றன. பள்ளம் ஒருபக்கம் சரிந்திருந்தால் பெட்டியைச் சற்றுப் பின்சாய்த்து அளங்கள். அதில் சரியானால் மின்சுற்றைத் தொட வேண்டாம், சாய்வான பீடம் போதும்.

கேட்பதற்கு முதலில் வீட்டார் ஒருவரின் பேச்சைப் பதிந்து வையுங்கள். அன்றாடம் கேட்கும் குரலில் ‘ச’, ‘ஸ’ உறுத்தினால் காது உடனே சொல்லும். பிறகு நாதஸ்வரம். அதன் ஒலி நாம் பிரிக்கும் இடத்தின் இருபுறமும் பரவியிருக்கிறது, ஸ்வரம் ஏறும்போது வாத்தியம் ஊஃபரிலிருந்து ட்வீட்டருக்குத் தாவுவதுபோல் கேட்டால் சேர்க்கை சரியில்லை. வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் முன்பலகை ஈட்டைச் சோதிக்க உகந்தவை, ஆனால் கொடையில் மைக்செட் வழியாகப் பதிந்ததை எடுக்காதீர்கள். அதில் பிசிறு ஏற்கெனவே இருக்கும், நீங்கள் உங்கள் ட்வீட்டரைக் குறை சொல்வீர்கள்.

ட்வீட்டரின் அளவை ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். தொடர் ரெசிஸ்டரில் அரை ஓம் மாற்றம்கூடச் சில நாள் கேட்டபின் தெரியும்.

11. நிரந்தரமாக ஏற்றுதல்

இரண்டு காயில்கள் அருகருகே ஒரே திசையில் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் பாயும். ஒன்றைப் படுக்கவைத்து, மற்றொன்றை நிறுத்தி, ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஊஃபரின் காந்தத்திலிருந்தும் விலகட்டும்.

ரெசிஸ்டர்களைப் பலகையிலிருந்து சிறிது தூக்கி நிறுத்துங்கள், அவை சூடாகும். சூட்டுப்பசையை அவற்றின் பக்கத்தில் வைத்தால் இளகிவிடும்.

இரண்டாவது பெட்டிக்கும் அதே பாகங்கள் என்று எண்ணிக் கட்டிவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் அளந்து ஜோடி சேருங்கள். இரண்டு பெட்டிகளும் 1 டெசிபெலுக்குள் ஒத்துவந்த பிறகே மூடுங்கள். பாகங்களின் மதிப்பையும் ட்வீட்டரின் துருவத்தையும் ஒரு தாளில் எழுதிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டிவையுங்கள். என்றைக்காவது ட்வீட்டர் போய், அதே மாடல் கிடைக்காவிட்டால், 3-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.